கடைசிக் குண்டுக்கு முந்தைய நொடி

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், இலக்கு அட்டையின் நட்டநடுவே இருக்கும் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். சுடும் குண்டோ நாலரை மில்லிமீட்டர். குண்டின் ஓரம் அந்தப் புள்ளியை உரசினாலே பத்து மதிப்பெண். ஆனால் இறுதிச் சுற்றில் அந்தப் பத்தையும் விட்டுவைக்காமல் 10.0 முதல் 10.9 வரை பத்துக் கூறாக்கி எண்ணுவார்கள். ஒரு கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது கால் மில்லிமீட்டர். இதை நின்றுகொண்டு, ஐந்து கிலோ எடைக்குத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி செய்ய வேண்டும். உடம்போ ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. மூச்சு விட்டால் குழல் ஏறி இறங்குகிறது. மூச்சை நிறுத்தினாலும் இதயம் நிற்காது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பாயும் உதைப்பில் குழல்முனை ஆடுகிறது.

பயத்தை அளக்க இதைவிட நுட்பமான கருவி கிடையாது என்பேன். மேடையில் பேசுகிறவரின் நடுக்கத்தைச் சபையில் பாதிப்பேர் கவனிக்காமல் போகலாம். இங்கே பயம் மில்லிமீட்டரில் பதிவாகி, பெரிய திரையில் எண்ணாக மின்னுகிறது.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங் ஒலிம்பிக். இறுதிச் சுற்றில் ஒன்பது குண்டுகள் முடிந்திருந்தன. இந்தியாவின் அபினவ் பிந்த்ராவும் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் 689.7 புள்ளிகளில் சமமாக நின்றார்கள். மிச்சம் ஒரே ஒரு குண்டு. பிந்த்ரா சுட்டார்: 10.8. குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை என்று பொருள். ஹாக்கினென் சுட்டது 9.7. அவருடைய விலகல் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். அந்த வித்தியாசம் அவரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. சீனாவின் ஜு சினான் இடையில் புகுந்து வெள்ளி வாங்கினார். இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது.

அதற்கு நான்கு வருடம் முன்பு ஏதென்ஸில் இதே பிந்த்ரா தகுதிச் சுற்றில் பிரமாதமாகச் சுட்டுவிட்டு, இறுதிச் சுற்றில் ஏழாம் இடத்துக்கு இறங்கியிருந்தார். பெய்ஜிங்கிலும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. இறுதிச் சுற்றுக்கு முந்தைய இடைவேளையில் துப்பாக்கியின் குறிநோக்கி எப்படியோ மாறிப்போயிருந்தது, சோதனைக் குண்டு வெகுதூரம் விலகிப் போனது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். யார் செய்தது, ஏன் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் குறிநோக்கியைத் திருகிச் சரிசெய்துவிட்டுச் சுட்டார்.

ஆனால் பயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள, வென்றவரைவிடத் தவறவிட்டவரே நமக்கு அதிகம் உதவுவார். அமெரிக்காவின் மாத்யூ எமன்ஸைத் துப்பாக்கி உலகம் மறக்காது. அவர் சாதாரண ஆள் இல்லை. 2004 ஏதென்ஸில் 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வென்றவர். சில நாள் கழித்து மூன்று நிலைப் பிரிவின் இறுதிச் சுற்று. கடைசிக் குண்டுக்கு முன்னால் 3 புள்ளி முன்னிலை. அந்தக் களத்தில் அது மிகப்பெரிய இடைவெளி. ஓரளவு சுமாராகச் சுட்டாலே இரண்டாவது தங்கம். எமன்ஸ் சுட்டார். திரையில் அவர் பெயருக்கு நேரே எதுவுமே வரவில்லை. இரண்டாம் தடத்தில் நின்றவர் மூன்றாம் தடத்து இலக்கைச் சுட்டிருந்தார். மதிப்பெண் பூஜ்யம். எட்டாம் இடம்.

எப்படி நடந்தது என்று அவரே பின்னர் விளக்கினார். வழக்கமாக அவர் முதலில் தடத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து துப்பாக்கியை இலக்குக்கு இறக்குவார். அன்று கடைசிக் குண்டின்போது அவருடைய சிந்தனை முழுவதும் தன்னை அமைதிப்படுத்திக்கொள்வதிலேயே இருந்தது. எண்ணைப் பார்க்கவில்லை.

இந்த ஒரு தகவலுக்காகவே நான் எமன்ஸை நினைவில் வைத்திருக்கிறேன். அவரைக் கவிழ்த்தது பயம் என்று சொல்வது எளிது. உண்மையில் கவனத்தைப் பிடுங்கிக்கொண்டது, பயத்தை அடக்கும் முயற்சி.

நான்கு வருடம் கழித்து பெய்ஜிங்கில் அதே பிரிவு, அதே கடைசிக் குண்டு, இம்முறை 3.3 புள்ளி முன்னிலை. 6.7 எடுத்தாலே தங்கம். குழலை இலக்கின்மேல் இறக்கிக்கொண்டிருந்தபோதே விரல் விசையைத் தொட்டுவிட்டது. 4.4. நான்காம் இடம். (ஏதென்ஸில் அவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது ஆறுதல் சொல்ல வந்தவர் செக் நாட்டு வீராங்கனை கேத்ரீனா. 2007இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதல் தங்கம் அவருக்குத்தான், பெண்கள் ஏர் ரைஃபிளில். தோல்வி எதையெல்லாம் கொண்டு வருகிறது பாருங்கள்.)

சரி, உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருபுறமும் இருக்கிறது. ஆபத்து என்று அது முடிவுகட்டியதும் சங்கிலித்தொடராகச் செய்தி பாய்ந்து, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வெளிவருகிறது. இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. துரத்துவது புலி என்றால் இதெல்லாம் உதவும். துரத்துவது கணக்குப் பரீட்சை என்றால் உதவாது; ஆனால் அமிக்டலாவுக்கு அந்த வேறுபாடு அவ்வளவு முக்கியம் இல்லை. நம் கைகளில் எப்போதுமே நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை ஒரு நுண்ணிய நடுக்கம் உண்டு. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. அட்ரினலின் தசைகளைத் தொட்டதும் அது பெரிதாகிறது.

அதனால்தான் துப்பாக்கிப் போட்டியில் ஒரு வினோதமான மருந்துக்குத் தடை இருக்கிறது. மற்ற விளையாட்டுகளில் உடம்புக்கு முறுக்கேற்றும் மருந்துகளைத் தேடிப் பிடிப்பார்கள். இங்கே இதயத்தை மெதுவாக்கும் மாத்திரையும் குற்றம். ப்ரொப்ரனோலால் என்ற அந்த மருந்தை நெஞ்சுவலிக்காரர்களுக்காக 1960களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினலின் போய் உட்காரும் இடத்தை இந்த மருந்து முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். கை நடுக்கமும் குறையும். பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜாங்-சு பிஸ்டல் பிரிவுகளில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றார். சோதனையில் ப்ரொப்ரனோலால் அகப்பட்டது. இரண்டையும் பறித்துக்கொண்டார்கள்.

ஆனால் நடுக்கம் கதையில் பாதிதான். தவறான இலக்கைச் சுட்டாரே எமன்ஸ், அன்று அவரைக் கவிழ்த்தது கை நடுக்கம் இல்லை. தொலைந்துபோனது வேறு.

நெருக்கடியில் திறமைசாலிகள் ஏன் தடுமாறுகிறார்கள் என்ற கேள்விக்கு உளவியலாளர்கள் இரண்டு விடை வைத்திருக்கிறார்கள். முதல் விடை, கவனம் வெளியே போய்விடுகிறது. ஒரு கணக்கை மனதில் போடும்போது பாதி விடைகளைக் கையில் பிடித்து வைத்திருக்க ஒரு சிறிய இடம் தேவைப்படுகிறது. ‘தோற்றால் என்ன ஆகும்’ என்ற கவலையும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. ஷியன் பைலாக்கும் தாமஸ் காரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் ஆச்சரியமானது. நெருக்கடி இல்லாதபோது, அந்த இடம் தாராளமாக வாய்த்த மாணவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகக் கணக்குப் போட்டார்கள். நெருக்கடியை ஏற்றியதும் அடிவாங்கியவர்கள் அவர்களே. இடம் குறைவாக இருந்தவர்களுக்கு இழக்கவும் அதிகம் இருக்கவில்லை. வகுப்பில் முதலாவதாக வரும் பெண் பொதுத்தேர்வில் மட்டும் சரிவதைப் பார்த்து ‘படிக்கவில்லை போல’ என்று முடிவுகட்டுகிற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டாவது விடை நேர்மாறானது: கவனம் அளவுக்கு மீறி உள்ளே போய்விடுகிறது. பல வருடம் பழகிய ஒரு செயல் தானாக ஓடுவது. பயந்த மனிதன் அதை நம்பாமல், ஒவ்வொரு அசைவையும் மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறான். ராய் பாமைஸ்டர் 1984லேயே இதை எழுதினார். பைலாக் குழுவினர் பிற்பாடு அனுபவமுள்ள கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். அடிக்கும்போது காதில் விழும் ஒலிகளைக் கவனியுங்கள் என்றபோது அவர்களுக்குப் பாதிப்பில்லை. மட்டை சுழன்று முடியும் கணத்தைக் கவனித்து ‘நிறுத்து’ என்று சொல்லுங்கள் என்றபோது ஆட்டம் கெட்டது. நேற்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர்களுக்கோ தங்கள் மட்டையைக் கவனிப்பதே உதவியது.

இந்த இடத்தில்தான் ‘நிகழ்கணத்தில் இரு’ என்ற அறிவுரை சிக்கலாகிறது. புத்தகக் கடையில் அப்படிச் சொல்லும் நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கும். அவற்றில் பல இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை. தன் விரல் எப்படி வளைகிறது என்று உற்றுப் பார்க்கும் சுடுநரும் நிகழ்கணத்தில்தான் இருக்கிறார். தன் இதயம் படபடப்பதை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவனும் நிகழ்காலத்தைவிட்டு எங்கும் போய்விடவில்லை. நிகழ்காலம் என்பது ஒரே இடம் இல்லை. அதற்குள்ளேயே நிற்கத் தகுந்த இடங்களும் வழுக்கும் இடங்களும் உண்டு.

கவனம் எங்கே நிற்பது நல்லது என்று 1998இல் கேப்ரியல் வுல்ஃப் குழுவினர் ஒரு பனிச்சறுக்குப் பயிற்சி இயந்திரத்தில் பார்த்தார்கள். ஒரு குழுவிடம் உங்கள் பாதத்தால் அழுத்தம் கொடுங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் பாதத்துக்குக் கீழே உள்ள சக்கரங்களில் அழுத்தம் கொடுங்கள் என்றார்கள். இரண்டுக்கும் நடுவே தூரம் சில அங்குலம்தான். சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். அதன்பின் பல விளையாட்டுகளில் இதே போக்கு தெரிந்தது. கவனம் உடம்பைவிட்டு, உடம்பு செய்யும் வேலையின் விளைவில் போய் நிற்கும்போது உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் 1996இல் கூடைப்பந்து வீரர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து இன்னொன்றைக் கண்டார். தேர்ந்த ஆட்டக்காரர்கள் எறியத் தொடங்கும் முன் வளையத்தின் ஒரே இடத்தில் பார்வையைச் சற்று நீளமாக நிறுத்துகிறார்கள். மற்றவர்களின் கண் அங்குமிங்கும் தாவுகிறது. துப்பாக்கி வீரர்களிடமும் இந்த நிலைத்த பார்வை தெரிந்தது. அதற்கும் முன்னால், 1984இல், பிராட் ஹாட்ஃபீல்டும் கூட்டாளிகளும் தேர்ந்த சுடுநர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்திப் பார்த்திருந்தார்கள். விசையை அழுத்தும் நொடி நெருங்க நெருங்க, மொழிக்கும் பகுப்பாய்வுக்கும் அதிகம் பங்களிக்கும் இடப்பக்கப் பொட்டுப்பகுதி ஓய்வுநிலைக்குப் போவது தெரிந்தது. அந்த நொடியில் இதயத் துடிப்பும் கொஞ்சம் மெதுவாகும். எனக்கு இதில் பிடித்தது, உள்ளே ஓடும் வர்ணனை தானே அடங்குவதுதான். யாரும் அதை அடக்குவதில்லை. கவனத்துக்கு வேறு வேலை இருக்கிறது, அவ்வளவே.

அடக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் மாணவர்களிடம், வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி ஓயவில்லை. இதைவிடக் குரூரமான சோதனையை அவர் 1998இல் வெளியிட்டார். கோல்ஃப் பந்தைத் தள்ளுகிறவர்களிடம், பந்து குறியைத் தாண்டி மட்டும் போகக் கூடாது என்றார்கள். அதோடு மனதில் வைத்துக்கொள்ள ஒரு நீண்ட எண்ணையும் கொடுத்தார்கள். பந்து குறியைத் தாண்டியே போனது. ஒரு நினைப்பைத் தடுக்க வேண்டுமானால், அது வருகிறதா என்று மனதின் ஒரு பகுதி காவல் நிற்க வேண்டும். காவலாளி எதைத் தேடுகிறானோ அதையே திரும்பத் திரும்பக் காண்கிறான். ‘சொதப்பிவிடாதே’ என்று தேர்வுக்குப் போகும் பிள்ளையிடம் வாசலில் நின்று சொல்வது இந்தக் காவலாளியை வேலைக்கு வைத்து அனுப்புவதே.

‘பதறாதே, அமைதியாக இரு’ என்பதும் பெரிய உதவி செய்வதில்லை. ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் சிலரை மேடையில் பேசவும், கணக்குப் போடவும், கரோக்கியில் பாடவும் வைத்தார். பேசும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். காரணம் எளிது. பதற்றத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. ஓடுகிற இதயத்துக்கு வேறு பெயர் வைப்பது நடக்கக்கூடிய காரியம். நிறுத்துவது நடக்காத காரியம்.

பெயர் வைப்பதற்கே ஒரு பலன் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மாத்யூ லீபர்மேன் 2007இல் நடத்திய ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்வுசெய்யச் சொன்னார்கள். பெயரிட்டபோது அமிக்டலாவின் வேகம் தணிந்தது, நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. அதே வளாகத்தில் சிலந்திப் பயம் உள்ளவர்களிடமும் சோதித்தார்கள். உயிருள்ள ஒரு பெரிய சிலந்திக்கு முன்னால் நிற்கவைத்து, ‘அது ஒன்றும் செய்யாது’ என்று ஒரு குழுவையும், ‘இந்த அசிங்கமான சிலந்தியைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று இன்னொரு குழுவையும் சொல்லச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி சிலந்திக்கு முன்னால் நிறுத்தியபோது, பயத்தைப் பயம் என்று சொன்னவர்களின் கைகளே குறைவாக வியர்த்தன. ஆறுதல் சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

இனி, தன்மேலேயே வரும் சந்தேகம். பயம் ஒரு நிகழ்ச்சியைப் பற்றியது; சந்தேகம் ஓர் ஆளைப் பற்றியது. ‘இந்தக் கணக்கு வராதோ’ என்பது பயம். ‘எனக்குக் கணக்கே வராது’ என்பது சந்தேகம், அதற்கு ஒரு நீண்ட கதை வேண்டும். ஏழாம் வகுப்பில் வாத்தியார் சொன்னது, மாமா கல்யாண வீட்டில் சிரித்தது, எல்லாவற்றையும் கோத்துத்தான் அந்த ‘நான்’ உருவாகிறது. இந்தக் கதைசொல்லி மூளையில் எங்கே குடியிருக்கிறார் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. மூளையைப் படமெடுப்பவர்கள், வேலை எதுவும் தராமல் ஆளைச் சும்மா படுக்கவைத்த நேரத்தை வெற்று அளவாக எடுத்துக்கொள்வது வழக்கம். செயின்ட் லூயிஸ் நகரத்தின் மார்க்கஸ் ரெய்க்கில், அந்த வெற்று நேரத்தில் சில பகுதிகள் கூடுதலாக இயங்குவதைக் கவனித்து 2001இல் எழுதினார். சும்மா இருக்கும் மூளை சும்மா இருப்பதில்லை. பழையதைக் கிளறுகிறது, வராததைக் கற்பனை செய்கிறது, எல்லாவற்றுக்கும் நடுவில் தன்னையே வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் என்பதையும் இருவர் அளந்தார்கள். மேத்யூ கிலிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் ஐபோன் செயலி மூலம் நாளின் பல நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 2010இல் வெளியான முடிவு: பதில்களில் 46.9 விழுக்காட்டில் மனம் செய்கிற வேலையில் இல்லை. அலைந்த மனம் பெரும்பாலும் மகிழ்ச்சி குறைந்தும் இருந்தது.

பழக்கத்தால் இதை மாற்ற முடியுமா? ஜான் கபாட்-சின் மூலக்கூறு உயிரியல் படித்தவர். தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக 1979இல் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்த பயிற்சிகளை மதச்சாயம் களைந்து எட்டு வாரப் பாடமாக்கினார். அதில் ஒரே ஓர் உலர்ந்த திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று விழுங்குவதும் ஒரு பாடம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். டொராண்டோவில் நார்மன் ஃபார்ப் 2007இல் எட்டு வாரம் பயின்றவர்களையும் பயிலாதவர்களையும் ஒப்பிட்டார். சில சொற்களைக் காட்டி, ‘இது என்னைப் பற்றி என்ன சொல்கிறது’ என்று ஒருமுறையும், ‘இந்தக் கணத்தில் எனக்கு என்ன தோன்றுகிறது’ என்று ஒருமுறையும் யோசிக்கச் சொன்னார். பயிலாதவர்களின் மூளையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே பின்னிக் கிடந்தன. பயின்றவர்களிடம் இரண்டும் பிரிந்து தெரிந்தன. கணத்தை உணரும்போது கதை பேசும் பகுதி ஒதுங்கியது. சந்தேகம் அழிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அது சொல்லும் கதையைக் கதை என்று பார்க்க ஓரடி தள்ளி நிற்க முடிந்தது.

இந்தத் தியானப் பயிற்சியை எல்லா நோய்க்கும் மருந்தாக விற்கிறவர்களிடம் எனக்கு எரிச்சல் உண்டு. 2014இல் மாதவ் கோயல் தலைமையில் 47 மருத்துவச் சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாக எடைபோட்டார்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மிதமான பலன் இருப்பதாகத் தெரிந்தது. உடற்பயிற்சியையோ மருந்தையோ மிஞ்சியதாகத் தெரியவில்லை. தனியொரு ஆய்வை நம்பிக் கோட்டை கட்டுவதும் ஆபத்து. தேர்வுக்குப் பத்து நிமிடம் முன்பு தன் கவலைகளைத் தாளில் எழுதிக் கொட்டிய மாணவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2018இல் பெரிய பெரிய இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 13 தேறின. இது தேறவில்லை. தோல்விப் பயத்துக்கு வைத்தியம் சொன்ன ஆய்வே மறுதேர்வில் தோற்றது.

அதனால் நான் ஆய்வகத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் களத்தையே நம்புகிறேன். நல்ல சுடுநர்களின் பயிற்சியில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, குண்டில்லாமல் சுடுவது. ட்ரை ஃபயர் என்பார்கள். துப்பாக்கியைத் தூக்கி, குறிபார்த்து, விசையை அழுத்தி, ஒரு ‘க்ளிக்’ மட்டும். சிலசமயம் எதிரே இலக்கு அட்டைகூட இருக்காது, வெறும் வெள்ளைச் சுவர். மதிப்பெண் இல்லாததால் அதைப் பற்றி நினைக்கவும் வழியில்லை. மிஞ்சுவது நிற்பதும் மூச்சும் விசையும்தான். இன்னொன்று, சுடாமல் இறக்குவது. குறி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனம் திரையில் ஓடும் எண்ணுக்குப் போய்விட்டது என்று தெரிந்தால், துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இறுதிச் சுற்றில் பெய்ஜிங் கால விதிப்படி ஒரு குண்டுக்கு 75 நொடிதான். அதற்குள் ஒருமுறை இறக்கிவிட்டுத் திரும்பத் தூக்கத் துணிச்சல் வேண்டும். ஆனால் மனம் விலகியதைக் கண்டுபிடிப்பதே பயிற்சியின் உயிர்நாடி. மனம் விலகவே கூடாது என்று எந்த நல்ல பயிற்சியாளரும் கேட்பதில்லை.

பயத்தோடு பழகவும் தனியாகப் பயின்றார்கள். பெய்ஜிங்குக்கு முன்னால் பிந்த்ரா ஜெர்மனியில் நாற்பது அடிக் கம்பம் ஒன்றில் ஏறினார். உச்சியில் பிட்சாப் பெட்டி அளவுக்குத்தான் பலகை, அதன்மேல் எழுந்து நிற்க வேண்டும். அதிரடிப் படையினருக்கான பயிற்சி அது. பாதி வழியில் பயந்து இறங்கிவிடலாமா என்று நினைத்ததாகவும், பிறகு ஏறியதாகவும் சொல்லியிருக்கிறார். கம்பத்தில் ஏறுவதற்கும் துப்பாக்கி சுடுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கால் நடுங்க நடுங்க அடுத்த பிடியில் கை வைக்க முடியும் என்று உடம்புக்கு ஒருமுறை தெரிந்துவிடுகிறது.

துப்பாக்கி ஏந்தாத நமக்கு அந்த அரை மில்லிமீட்டர் புள்ளி எது? இது ஒவ்வொரு தொழிலுக்கும் வேறு, அவரவர்தான் தேடிக்கொள்ள வேண்டும். நேர்காணலில் உட்கார்ந்திருப்பவருக்கு, எதிரே இருப்பவர் இப்போது கேட்ட கேள்வி. அவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது இல்லை. கச்சேரி மேடையில் பாடுகிறவருக்கு தம்புராவின் சுருதி. தேர்வறையில் வினாத்தாளைத் திருப்பியதும் எல்லாம் மறந்துபோன பிள்ளைக்கு, ஒரு கேள்வியில் கொடுக்கப்பட்டிருக்கும் தரவு. ‘பயமாக இருக்கிறது’ என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிவிட்டு, அந்தத் தரவைத் தாளில் எழுத ஆரம்பிக்கலாம். கை நடுங்கினால் நடுங்கட்டும், எழுத்துக் கோணினாலும் மதிப்பெண் குறையாது. சுடுநர்களுக்குத்தான் அந்தச் சலுகை இல்லை.

சலுகை இல்லாத அந்தக் களத்தில் இப்போது நம் ஊர்ப் பெயர்களும் கேட்கின்றன. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றவர், ஏர் ரைஃபிளில் உலகின் முதலிடத்தில் இருந்தவர். பங்கேற்ற இரண்டு ஒலிம்பிக்கிலும் இறுதிச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. 2024இல் பாரிஸில் பத்தாம் இடம், எட்டுப் பேருக்குத்தான் அனுமதி.

ஹரியானாவின் மனு பாக்கர் டோக்கியோவில் அழுதவர். தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, சரிசெய்து திரும்புவதற்குள் நேரம் கரைந்து, இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்று வருடம் கழித்து, 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அவர் வெண்கலம் வென்றார். கீதையை நிறையப் படித்தேன், செய்ய வேண்டியதைச் செய், விளைவை விட்டுவிடு என்பதே கடைசி நொடிகளில் மனதில் ஓடியது என்று அன்றே சொன்னார். இரண்டு நாள் கழித்துக் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வென்றவர் அதுவரை எவரும் இல்லை. அதோடு நாடே மூன்றாவது பதக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. ஆகஸ்ட் 3, 25 மீட்டர் பிஸ்டல் இறுதிச் சுற்று. மூன்றாம் இடத்துக்கான ஷூட்-ஆஃபில் ஹங்கேரியின் வெரோனிகா மேஜரிடம் தோற்று, நான்காவதாக வெளியேறினார். ரொம்பப் பதற்றமாக இருந்தது, அமைதியாக இருக்க முயன்றுகொண்டிருந்தேன் என்று வெளியே வந்து சொன்னார்.